இருட்டில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. சின்னவள் ஒற்றைப் பையோடு அக்கா வீட்டு மாடிப்படி ஏறிய நாள் முதல் நம் தெரு அதைத்தான் நிரூபித்துக்கொண்டிருக்கிறது.

"தங்கச்சி போட்டோ எடுக்கக் கத்துக்க வந்திருக்கா" என்று அக்கா எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தை ஒப்பித்தாள். அக்காவின் தொழில் அது. நாடகம், கச்சேரி, மேடைப் பேச்சு என்று இருட்டு அரங்கில் நடக்கிற எதையும் ஃபிளாஷ் போடாமல் படம் எடுத்துத் தருகிறவள். தெரு அவளுக்கு வைத்திருக்கும் பெயர் கேமராக்காரி.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா அந்த வாக்கியத்தை நம்பவில்லை. கல்யாணமானவள் புருஷனை விட்டுவிட்டு வந்து கற்றுக்கொள்கிற அளவுக்கு அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று, தைக்கக் கொடுக்காத சட்டைக்கு அளவெடுக்கும் சாக்கில் படியேறி வந்தே கேட்டுவிட்டாள். பதில் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டு ஜன்னல் திரை ஒரு நிமிஷம் சும்மா இருப்பதில்லை.

உண்மைக் காரணம் சென்ற வாரம் நமக்குத் தெரிந்துவிட்டது. சின்னவளின் கணவன் மருந்துக் கம்பெனி ரெப். வணக்கம் சொன்னாலே கேட்கிறவர் வாய் இனிக்கும். அதனால் குடும்பத்தில் அவன் பெயர் சர்க்கரை. அவன் கை நீட்டி அடித்ததே இல்லை. "அடிச்சிருந்தா காட்டறதுக்குக் காயமாவது இருந்திருக்கும்" என்று சின்னவள் அழாமல் சொன்னாளே, அதுதான் விஷயம். கோபம் வந்தால் அவன் வீட்டின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, இருட்டில் எங்கேயாவது உட்கார்ந்துகொள்வான். கூப்பிட்டால் பதில் வராது. அவள் கையை நீட்டித் தடவிக்கொண்டே அறை அறையாக நடப்பாள். எந்த மூலையில் அவன் மூச்சு படும் என்று தெரியாது. பட்ட பிறகு, இனிக்க இனிக்கப் பேசுவான்.

அப்படிப்பட்டவளுக்கு அக்கா கொடுத்த வேலை, இருட்டுக்குள் நின்று படம் எடுப்பது. பாம்புக்குப் பயந்தவளைப் பாம்பாட்டியிடம் வேலைக்குச் சேர்த்த கதை.

இன்றைக்கு ஒரு நாடகம். பத்திரிகைக்காரர்களுக்கும் அழைப்பு பெற்றவர்களுக்கும் மட்டும் பகல் காட்சி. காலையில் சாப்பாட்டு மேஜை மேல் துணி விரித்து, லென்ஸ்களை அடுக்கி வைத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்கா வீட்டில் லென்ஸ்களுக்கும் செல்லப் பெயர்கள் உண்டு. குட்டையாகக் கனமாக இருப்பவன் குண்டன். எண்பத்தைந்து மில்லிமீட்டர், வெளிச்சம் நுழையும் கதவை முழுக்கத் திறந்தால் ஒன்று புள்ளி நான்கு, ஆந்தைக் கண். ஒரு தீக்குச்சி வெளிச்சம் போதும், முகம் வந்துவிடும். ஆனால் ராஜா மாதிரி நடந்துகொள்வான். கண்ணிமைக்கு ஃபோகஸ் பிடித்தால் காதைக் கைவிட்டுவிடுவான். நீளமாக வெள்ளையாக இருப்பது ஓட்டடைக்குச்சி. தூரத்தில் இருப்பதை இழுத்துக் கொடுக்கும், வெளிச்சம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். மூன்றாவது, கேமரா வாங்கும்போது கூடவே வந்த டப்பா. வெயிலில் வீரன். இருட்டில் ஆட்டுக்குட்டி.

ஓட்டடைக்குச்சி சர்வீசுக்குப் போயிருந்தது. மிச்சம் இருவர்.

"அக்கா, இன்னைக்கு மட்டும் குண்டனை எனக்குத் தரியா?" என்று சின்னவள் கேட்டாள். கேட்டது வேடிக்கைக் குரலில்தான். ஆனால் டப்பாவை வைத்துக்கொண்டு இருட்டில் நின்றால் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரில் ஒன்றுமே பிடிபடாமல் எல்லாம் முன்னும் பின்னும் நீந்திக்கொண்டே இருக்கிறது என்றும், அது தன்னைப் பழைய வீட்டு இருட்டுக்கே கொண்டுபோகிறது என்றும் அவள் போன கச்சேரியில் அக்காவின் கேமராவில் பழகியபோதே சொல்லியிருந்தாள்.

அக்கா லென்ஸை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"அதுக்குக் கை பழகணும்டி. டைரக்டர் என்னை நம்பித்தான் கூப்பிட்டிருக்காரு."

கை பழகுவதற்குக் கையில் கொடுக்க வேண்டுமே என்று சின்னவள் திருப்பிக் கேட்கவில்லை. அடைக்கலம் வந்த இடத்தில் யாரும் அவ்வளவு தர்க்கம் பேசுவதில்லை. அக்காவுக்கும் உள்ளூரத் தெரியும். விமர்சகர்கள் வருகிற காட்சி, நாளைக்குப் பத்திரிகையில் படம் வரும், படத்தின் கீழே பெயர் வரும். பாசம் வேறு, குண்டன் வேறு.

அந்த நேரத்தில்தான் அக்காவின் வீட்டுக்காரர் தொப்பியைத் தேடிக்கொண்டு வந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து பிரேக் போட்டவர். அவர் வாய்க்குப் பிரேக் போட மட்டும் ஆள் கிடைக்கவில்லை. நல்ல மனிதர்தான். சண்டை என்றால் ஆகாது. நாலு பேரை உட்கார வைத்துப் பேசினால் உலகப் போரே நின்றுபோகும் என்று நம்புகிறவர்.

இன்றைக்கும் அதையே ஆரம்பித்தார். அந்தப் பையன் மோசமானவனாகத் தெரியவில்லை என்றும், இருட்டில் உட்கார்வது ஒரு குற்றமா என்றும், ஒரு தடவை முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் தொப்பியைத் தட்டிக்கொண்டே சொன்னார். சின்னவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

"என்னங்க, அந்தப் பேச்சை விடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றாள் அக்கா.

"நான் என்னத்தைச் சொல்லிட்டேன்? ஆமா, நாடகம் எந்த ஹால்ல?"

அக்கா சொன்னாள். கேட்டது கணவன், ஏன் கேட்கிறார் என்று யோசிக்க யாருக்குத் தோன்றும்? தனக்கு இன்றைக்கு மதியம் முழுக்க வகுப்பு என்று சொல்லிவிட்டு, அவர் சாவிக்கொத்தை விரலில் சுழற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். சாவியில் தொங்கும் குட்டி ஸ்டியரிங் சக்கரம் கிலுங் கிலுங் என்று தெருக்கோடி வரை கேட்டது. அந்த மனிதர் எங்கே போனாலும் சத்தம் முன்னால் போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பேச்சில் மனது கெட்டுப்போய், அக்கா அவசர அவசரமாகப் பைகளை நிரப்பினாள். தன் கேமராவில் குண்டன். வழக்கமாகப் பிறந்தநாள் விழாக்களுக்கு எடுத்துப் போகும் பழைய கேமராவில் டப்பாவை மாட்டிச் சின்னவள் கையில் கொடுத்தாள். பேட்டரி பார்த்தாள், கார்டு பார்த்தாள், சத்தமில்லாமல் படம் எடுக்கும்படி மாற்றி வைத்தாள். எல்லாம் பார்த்தாயிற்று என்று நினைத்தாள்.

அரங்கத்து வாசலில் டைரக்டர் இருவரையும் நிறுத்தி, கையைக் கூப்பாத குறையாகச் சொன்னார். நாடகத்தில் பாதி நேரம் மேடையில் ஒரே ஒரு மேஜை விளக்குதான். ஃபிளாஷ் கூடாது, சத்தம் கூடாது, செல்போன் வெளிச்சம் கூடக் கூடாது. நடிகர்கள் முகம் வேண்டும். பார்க்கிறவர்கள் முகமும் நாலைந்து வேண்டும்.

கதவுகள் மூடின. வெளியே பட்டப்பகல். உள்ளே கிணற்றின் அடி.

அக்கா வலது பக்கத் தூணோரம் நின்றாள். சின்னவள் இடது பக்க நடைபாதையின் சுவரோரம். நடுவில் முழு அரங்கம். மேடையில் மேஜை விளக்கு எரிந்தது. அதன் முன்னால் ஒரு நடிகை உட்கார்ந்து யாருக்கோ காத்திருந்தாள். குண்டன் அவள் கன்னத்தில் விழுந்த மஞ்சள் வெளிச்சத்தைச் சிந்தாமல் அள்ளினான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மூச்சைப் பிடித்து, தூணில் தோளை அழுத்தி, மெல்ல மெல்லப் பொத்தானை அழுத்தினாள். ஒவ்வொரு படமும் வரம்.

பிறகு பார்வையாளர் பக்கம் திரும்பினாள்.

இருட்டில் கண்ணுக்குத் தெரியாத வரிசைகள் வியூஃபைண்டருக்குள் சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தன. குண்டனின் பெருமை அது. வெறுங்கண்ணுக்கு இல்லாததை அவன் காட்டுவான். வாய் பிளந்து பார்க்கும் ஒரு பெரியவர். நகம் கடிக்கும் ஒரு பெண். தூங்கும் ஒரு விமர்சகர். அக்கா சிரித்துக்கொண்டே எடுத்தாள். எல்லா முகங்களும் மேடையைப் பார்த்திருந்தன, சூரியகாந்திப் பாத்தி மாதிரி.

ஒரு முகத்தைத் தவிர.

அது பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இடது சுவரைப் பார்த்து. இருட்டைப் பார்த்து.

அக்கா ஃபோகஸை அந்த முகத்துக்கு நகர்த்தினாள். முதலில் காது தெளிந்தது. பிறகு கன்னம். வழித்துச் சீவிய தலைமுடி. அவள் விரல் தானாக அழுத்திவிட்டது.

சர்க்கரையா? இல்லை, அவன் மாதிரி யாரோ. உலகத்தில் சீவிய தலைக்கா பஞ்சம்? அவன் இந்த வீட்டுப் படி ஏறியதே இல்லை, அவனுக்கு இந்த ஹால் தெரியாது, சின்னவள் இங்கே இருக்கிறாள் என்றே தெரியாது. அவள் அப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தபோது, இடது சுவரோரம் ஒரு வெளிச்சம் பளிச்சிட்டது.

சின்ன ஆரஞ்சுப் பொட்டு. வந்தது, போனது. மறுபடி வந்தது.

கேமராவுக்கு இருட்டில் ஃபோகஸ் கிடைக்காவிட்டால், அது தன் நெற்றியில் இருக்கும் ஒரு சிறு விளக்கைப் போட்டு எதிரில் என்ன இருக்கிறது என்று தடவிப் பார்க்கும். அரங்கத் தொழிலில் அதை முதல் வேலையாக அணைத்துவிடுவார்கள். தன் கேமராவில் அக்கா அதை எப்போதோ அணைத்துவிட்டாள். பழைய கேமராவில்? பிறந்தநாள் விழாவில் ஆரஞ்சு விளக்கை யார் கேட்கப்போகிறார்கள்? இன்று காலை பேட்டரி பார்த்தாள், கார்டு பார்த்தாள். விளக்கைப் பார்க்கவில்லை.

குண்டனைக் கொடுத்திருந்தால் அந்த விளக்குக்கு அநேகமாக வேலையே வந்திருக்காது. டப்பாவுக்கு இருட்டில் கண் தெரியாது. அதனால் விளக்கு கேட்கிறது. தன் பெயர் பத்திரிகையில் வருவதற்காகத் தங்கையின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, இதோ இங்கே நிற்கிறாள் என்று காட்டிக்கொடுத்தாயிற்று.

வியூஃபைண்டரில் அந்த முகம் ஆரஞ்சு வெளிச்சத்துக்கு நேராகத் திரும்பியது. சிரித்தது. பல் தெரியாத, பதமான சிரிப்பு. இனி சந்தேகமில்லை.

கத்த முடியாது. கத்தினால் அவனுக்கும் தெரியும். போன் இருவரிடமும் அணைந்திருக்கிறது. அக்கா கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். யாருடைய காலையோ மிதித்தாள். யாரோ உச்சுக் கொட்டினார்கள். தங்கை தன் வீட்டில் எப்படி நடந்திருப்பாள் என்பது அவளுக்கு முதல் தடவையாக உடம்பில் புரிந்தது. கையை நீட்டி, அடுத்து என்ன தட்டுப்படும் என்று தெரியாமல்.

ஆரஞ்சுப் பொட்டு மறுபடி எரிந்தது. அக்கா நின்று கேமராவை அந்த வரிசைப் பக்கம் திருப்பினாள்.

இருக்கை காலியாக இருந்தது.

மிச்ச தூரத்தை அவள் எப்படிக் கடந்தாள் என்று கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. தங்கையின் தோளில் பின்னாலிருந்து கை வைத்தாள். சின்னவள் கத்தவில்லை. திரும்பவும் இல்லை. உடம்பு முழுக்க ஒரே கட்டையாக விறைத்து, மூச்சை நிறுத்தி, அப்படியே நின்றாள். இருட்டில் கை பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரோ அவளுக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

"நான்தான்டி. அக்காடி" என்று அவள் காதுக்குள் சொல்லி, உள்ளங்கையால் அந்த விளக்கை மூடினாள்.

மேடைக்குப் பக்கத்தில் சாமான் ஏற்றும் கதவு ஒன்று உண்டு. அதன் வழியாக இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மழை மேகம் கூடி, பகல் பாதியாகக் கறுத்திருந்தது. விளக்கு எரிந்ததால் டைரக்டர் கோபப்படுகிறார், கிளம்பச் சொல்லிவிட்டார் என்று ஒரு பொய்யைச் சொல்லி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பாதி நாடகத்தில் ஓடிப்போன படக்காரியை இனி எந்த டைரக்டரும் வாசல்படி ஏற்றமாட்டான். அந்த நினைப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவள் கண் முழுக்கப் பின்பக்கக் கண்ணாடியில் இருந்தது.

சின்னவள் வீட்டுக்கு வந்து, கதவைப் பூட்டி, ஜன்னல் ஜன்னலாகப் போய்க் கொக்கி போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"அவர் வந்திருந்தாரா?"

"யாரு? சீச்சீ, இல்லடி."

"அக்கா. எல்லாரும் என்கிட்ட நல்லதுக்குன்னுதான் பொய் சொல்றாங்க. நீயும் சொல்லாத."

அக்கா கீழே பார்த்தாள். "தெரியல. அவன் மாதிரி இருந்துச்சு. படத்தைப் பெருசாக்கிப் பார்த்துச் சொல்றேன். நீ போய் முகத்தைக் கழுவிட்டு வா."

இந்த வீட்டின் அமைப்பை ஒரு தரம் சொல்லிவிட வேண்டும். மாடி வீடு. முன்பக்கம் படி, வாசல் கதவு, உள்ளே நுழைந்ததும் செருப்பு வைக்கும் மர ஸ்டாண்டு. அதன் மேலேயே உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொள்ளலாம். பிறகு கூடம். கடைசியில் சமையலறை. சமையலறைக் கதவைத் திறந்தால் பின்பக்க இரும்புப் படி, அது நேராகச் சந்துக்கு இறங்கும். மீட்டர் பெட்டி, மெயின் ஸ்விட்ச் எல்லாம் அந்த இரும்புப் படியின் அடியில்.

முன்கதவுக்கு உள்தாழ்ப்பாளும் உண்டு. அக்கா அதைப் போடவில்லை. வீட்டுக்காரர் வகுப்பு முடிந்து வருவாரே, அவரிடம் சாவி இருக்கிறதே.

கூடத்து மேஜையில் லேப்டாப்பைத் திறந்து, கார்டைச் செருகி, அந்தப் படத்தை எடுத்தாள். பெரிதாக்கினாள். காது, கன்னம், சீவிய தலை. சர்க்கரைதான். குண்டன் அவ்வளவு சுத்தமாகக் கொடுத்திருந்தான். கடவுளே, இவ்வளவு நல்ல படத்தை யார் கேட்டார்கள்?

பக்கத்து இருக்கையிலும் யாரோ இருந்தார்கள். வெறும் கறுப்புக் குவியல். அவன் தனியாகத்தான் வந்தானா, ஆள் கூட்டிக்கொண்டு வந்தானா? அக்கா நிழல் பகுதிகளின் வெளிச்சத்தை ஏற்றினாள். கறுப்பு சாம்பலானது. இன்னும் ஏற்றினாள். சாம்பலுக்குள் மணலைக் கொட்டியதுபோல் புள்ளிகள் கிளம்பின. புள்ளிகளுக்குள்ளிருந்து ஒரு முழங்கால் வந்தது. முழங்கால் மேல் ஒரு தொப்பி. தொப்பியின் உச்சியில் ஒரு வெள்ளைப் பொத்தான்.

அந்தத் தொப்பிக்கு நீலப் பொத்தான்தான் இருக்க வேண்டும். அது அறுந்து விழுந்தபோது, நீல நிறம் கிடைக்காமல் தன் பழைய சட்டையிலிருந்து வெள்ளையை வெட்டித் தைத்தவள் அக்கா.

இன்னும் ஏற்றினாள். மணலுக்குள்ளிருந்து மீசை வந்தது. தாடை வந்தது. பக்கத்து இருக்கைக்காரனிடம் ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல் சாய்ந்திருந்த அவள் வீட்டுக்காரர் வந்தார்.

மதியம் முழுக்க வகுப்பு.

அவள் கை மவுஸின் மேல் அப்படியே நின்றபோது, விளக்கு அணைந்தது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

மழை மேகம் கவிந்து, வெளியே பொழுதுக்கு முன்பே இருட்டிவிட்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி வழியே தையல்காரம்மா வீட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அணைந்தது இந்த வீடு மட்டும்.

"அக்கா." குளியலறை வாசலிலிருந்து சின்னவள் குரல் வந்தது, குழாயில் சொட்டும் தண்ணீர் அளவுக்கு மெலிதாக. "நீயா அணைச்ச?"

லேப்டாப் திரை மட்டும் பேட்டரியில் எரிந்தது. வீட்டில் மிச்சமிருந்த ஒரே வெளிச்சம் அது. அதில் வீட்டுக்காரரின் முகம். வெளிச்சம் ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பதை இன்றைக்குத்தான் படித்தவள் அக்கா. அவள் மூடியைச் சாத்தினாள்.

அப்போது முன்கதவில் சாவி திரும்பியது.

வீட்டுக்காரர் என்றால் படியிலேயே சத்தம் வரும். கிலுங் கிலுங் என்று ஸ்டியரிங் சக்கரம் ஆடும். என்ன கரண்ட் இல்லையா, கடன்காரங்க என்று வாசலிலிருந்தே வாய் ஓடும். இந்தக் கதவு சத்தமில்லாமல் திறந்தது. சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. பிறகு செருப்பு ஸ்டாண்டு, யாரோ பாரத்தை மெதுவாக இறக்கியதுபோல், ஒரு தரம் முனகியது.

அவ்வளவுதான். காலடி இல்லை. பேச்சில்லை.

சின்னவள் இருட்டில் வந்து அக்காவின் கையைப் பிடித்தாள். அவளுக்குச் சொல்லவே வேண்டாம். இந்த மௌனம் அவளுக்கு மனப்பாடம்.

அக்கா அவள் காதில் வாய் வைத்துச் சொன்னாள். "கிச்சன் கதவு. இரும்புப் படி. நேரா தையல்காரம்மா வீட்டுக்கு ஓடு. அவ மூக்கு இன்னைக்காவது நமக்கு உதவட்டும்."

"நீ?"

"நான் போட்டோக்காரி. எனக்கு இருட்டு பழக்கம்."

தங்கையின் வெறுங்கால் சமையலறைப் பக்கம் நழுவிப் போனது. அக்கா மேஜையைத் தடவினாள். கேமரா கிடைத்தது, குண்டன் மாட்டியபடியே. பையின் அடியில் கை விட்டாள். அரங்கத் தொழிலுக்கு வந்த பிறகு வெளியே எடுக்காமல், பிறந்தநாள் கேக்குகளுக்கு மட்டும் பயன்படுத்தும் ஃபிளாஷ் அங்கே கிடந்தது. மாட்டினாள். ஸ்விட்சைத் தள்ளினாள்.

அது சார்ஜ் ஏறும் சத்தத்தை அவள் மறந்தே போயிருந்தாள். கொசு ரீங்காரம் மாதிரி ஆரம்பித்து, மேலே மேலே ஏறி, அந்த அமைதியான வீட்டில் சங்கு ஊதியது.

"அக்கா" என்றது வாசல் பக்கத்து இருட்டு. என்ன இனிமை, என்ன மரியாதை. "கரண்ட் போயிடுச்சா?"

சமையலறைக் கதவு தாழ் விலகும் ஓசை கேட்டது. அவனும் கேட்டிருப்பான்.

அக்கா கேமராவைத் தூக்கினாள். குரல் வந்த திசைக்கு நீட்டினாள். ஃபிளாஷ் கூடாது, ஃபிளாஷ் கூடாது என்று வாழ்நாள் முழுக்க ஓதிய வாயைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தில் அழுத்தினாள்.

வீடு வெள்ளையாக வெடித்தது. ஒரு கண்ணிமைப்பு. அதற்குள் எல்லாம் பதிந்தது. செருப்பு ஸ்டாண்டின் மேல், முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, சமத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்த சர்க்கரை. கண்ணைப் பொத்தத் தூக்கிய அவன் விரல்களில், சத்தம் வராமல் இறுக்கிப் பிடித்த சாவிக்கொத்து, குட்டி ஸ்டியரிங் சக்கரம். சாத்திய கதவு. வேறு யாரும் இல்லை.

மறுபடி இருட்டு. முன்னைவிடக் கெட்டியான இருட்டு. அதில் பச்சையும் சிவப்புமாக அந்தப் படம் அவள் கண்ணுக்குள் மிதந்தது. இவன் கண் தெளிய இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் சின்னவள் சந்து முனையைத் தாண்டிவிடுவாள். தாண்டிவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளலாம்.

வேறு யாரும் இல்லை.

அந்த எண்ணம் அவளுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது. விளக்கு அணைந்த கையோடு சாவி திரும்பியது. முன்படியில் நின்றவன் மெயின் ஸ்விட்சை எப்படி அணைத்திருப்பான்? அது இரும்புப் படியின் அடியில் அல்லவா இருக்கிறது?

பின்பக்கம் இரும்புப் படியில் வெறுங்கால்கள் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தன. அடியில் போய் நின்றன. திடீரென்று, ஒரேயடியாக.

கீழேயிருந்து, உலகத்தைச் சமாதானமாக்கப் பிறந்த அந்தக் குரல் கேட்டது.

"பயப்படாதம்மா, மாமாதான். உனக்கு நல்லதுதான் பண்றேன். வா, மேல போய் உட்கார்ந்து பேசலாம்."

சின்னவள் கத்தவில்லை. கட்டையாக விறைத்திருப்பாள் என்று அக்காவுக்குத் தெரியும்.

அவள் கையில் ஃபிளாஷ் மறுபடி ரீங்கரித்து ஏறியது. சார்ஜ் நிறைந்ததும் அதன் முதுகில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு எரிந்து, இருட்டில் அவள் முகத்தில் பட்டது.

வாசல் பக்கம் செருப்பு ஸ்டாண்டு முனகியது. பாரம் இறங்கிய முனகல் இல்லை, எழுந்த முனகல்.